வள்ளியம்மாவின் பேரன்: பாட்டு யாருக்குச் சொந்தம்?

அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் போகும் காலை நேர லோக்கலில் வேப்பம்பட்டில் ஏறுபவர்களுக்கு உட்கார இடம் கிடைப்பது லாட்டரி மாதிரி. ஆனால் பாட்டுக் கச்சேரிக்குப் பஞ்சமே இல்லை. கதவோரம் நிற்கும் கல்லூரிப் பசங்க ரயிலின் தகரச் சுவரைத் தட்டியே தாளம் போடுவார்கள். கானா, சினிமா குத்து, அப்புறம் கட்டாயம் ஒரு முறை 'என்ஜாய் எஞ்சாமி'. அந்தப் பாட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் விடவில்லை.

ஒருநாள் பக்கத்தில் நின்ற பையனிடம் சும்மா கேட்டேன். "தம்பி, இந்தப் பாட்டை எழுதினது யாரு?"

"சந்தோஷ் நாராயணன்க்கா" என்றான். இன்னொருவன், "டேய், தீ பாடினதுடா" என்றான். மூன்றாவது பையன் மட்டும் கொஞ்சம் கோபமாகத் திரும்பினான். "எழுதினது அறிவு. நம்ம லைன் ஆளு. அரக்கோணம்."

அந்த "நம்ம லைன் ஆளு" என்னோடு ஆபீஸ் வரை வந்தது. அந்த வாரம் டெஸ்க்கில் எனக்கு வந்திருந்த வேலையோ வேறு. சஹாரா பாலைவனத்துத் துவாரெக் கிதார் கலைஞர்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. ஆனால் அந்தக் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு நம்ம அரக்கோணம் லைன்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

தகர டப்பா கிதார்

துவாரெக் மக்கள் மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா என்று பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் நாடோடி மேய்ப்பர்கள். ஐரோப்பியர்கள் கோடு போட்டு நாடு பிரித்தபோது, அவர்களின் மேய்ச்சல் நிலம் முழுக்க எல்லைக் கோடுகளாகிவிட்டது. 1963-ல் மாலி அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார்கள். அரசு அதைக் கொடூரமாக அடக்கியது. அப்போது கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் மகன் இப்ராஹிம் அக் அல்ஹபிப். சின்னக் குழந்தை. குடும்பம் அல்ஜீரியாவுக்கு ஓடியது.

அங்கே அந்தப் பையன் ஒரு சினிமாவில் கௌபாய் ஒருவன் கிதார் வாசிப்பதைப் பார்க்கிறான். கிதாருக்கு எங்கே போவது? ஒரு தகர டப்பா, ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி. அதுதான் முதல் கிதார். பின்னாளில் லிபியாவில் கடாஃபி நடத்திய ராணுவப் பயிற்சி முகாமுக்குப் போனார்கள் துவாரெக் இளைஞர்கள். இப்ராஹிமும் அங்கே போனார். தன்னைப் போன்ற மற்ற இசைக்காரர்களோடு அந்த முகாம்களில் பாட்டுக் கட்டினார். அந்தக் குழுதான் 'தினாரிவென்'. பாலைவனங்கள் என்று அர்த்தம்.

இந்த இசைக்கு 'இஷுமார்' என்று ஒரு பெயர் உண்டு. வேலையில்லாதவர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லான 'ஷோமர்' அவர்கள் வாயில் அப்படி மாறியது. சொந்த ஊரில் மழையில்லை, போன ஊரில் வேலையில்லை, எந்த ஊரிலும் காகிதம் இல்லை. அப்படிப்பட்ட பசங்களின் பாட்டு. யார் வெற்று கேசட் கொண்டுவந்து கொடுத்தாலும் அதில் பாடிப் பதிந்து தருவார்களாம், காசு வாங்காமல். அந்த கேசட் ஒட்டகத்திலும் லாரியிலும் பாலைவனம் தாண்டிப் போகும். அங்கே இன்னொருவர் அதை நகல் எடுப்பார். ரேடியோவில் வராத செய்தி அந்த கேசட்டில் வரும்.

2012-ல் அவர்களுக்கு கிராமி விருது கிடைத்தது. அதே வருடம் வடக்கு மாலியைப் பிடித்த ஆயுதக் குழுக்கள் இசைக்கே தடை போட்டன. அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஒருவரைப் பிடித்து வைத்திருந்து பிறகு விட்டார்கள்.

நாடு இழந்தவர்கள், பாட்டில் ஊரைக் கட்டியவர்கள். இதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு வள்ளியம்மாள் ஞாபகம் வந்தார்.

கடல் தாண்டிப் போன கூலிகள்

வள்ளியம்மாள், அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்து திரும்பி வந்து இங்கே நிலமில்லாத கூலியாக வாழ்ந்தவர். 'என்ஜாய் எஞ்சாமி' வீடியோவில் வரும் அந்த முதிய முகம் அவருடையதுதான்.

தேயிலைத் தோட்டக் கதையை நாம் பாதிதான் கேட்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. வெள்ளைக்காரர்கள் முதலில் இலங்கை மலைகளில் போட்டது காப்பி. 1869-க்குப் பிறகு இலைத்துரு நோய் வந்து காப்பிச் செடிகள் அழிய, தேயிலை வந்தது. இரண்டுக்கும் கூலி ஆள் தமிழ்நாட்டிலிருந்துதான். பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிகள் கூட்டிப்போக, நடந்தும் தோணியிலும் போனவர்கள். அவர்களில் மிகப்பெரும் பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்றவர்கள். காட்டை அழித்தார்கள், சாலை போட்டார்கள், செடி நட்டார்கள். மூன்று நான்கு தலைமுறை லயன் அறைகளிலேயே பிறந்து இறந்தது.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. பிறகு 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கு இப்படி: மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாடு பிரிப்பது மாதிரி என்று எழுதினால் மிகை என்பீர்கள். ஆனால் அந்த 9,75,000 பேரில் ஒருவரையும் கூப்பிட்டு, "நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?" என்று ஒப்பந்தம் போடும் முன் யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். சிலருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. பலருக்கு, தாத்தா பாட்டி விட்டுப்போன ஊரிலேயே மறுபடியும் கூலி வேலை. அங்கே 'இந்தியத் தமிழன்', இங்கே 'சிலோன்காரன்'. இரண்டு இடத்திலும் வெளியாள்.

இந்தத் தலைமுறையின் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்தான் அறிவரசு கலைநேசன் என்ற அறிவு.

சாம்பல் கோட்டு போட்ட பத்தொன்பது பேர்

அரக்கோணத்தில் வளர்ந்து, கோவையில் பொறியியல் படித்து, எம்.பி.ஏ-வும் முடித்தவர் அறிவு. நம்ம ஏரியாவில் அந்தப் படிப்புக்கு அடுத்த ஸ்டேஷன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியோ ஐ.டி. வேலையோதான். அவர் போனது கவிதை வழியாக ராப்புக்கு.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் மேடை. சாதி சாராதவர்கள் என்ற அந்தப் பெயரின் வேர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனை. பத்தொன்பது பேர். எல்லோருக்கும் சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. பக்கத்தில் பறை, சட்டி, டோலக், எலெக்ட்ரிக் கிதார். சாவு வீட்டிலும் தெருமுனையிலும் மட்டும் பாடப்பட்ட கானாவுக்கு அன்று கோட்டு போட்ட மேடை கிடைத்தது. கோட்டு ஏன் என்று கேட்பவர்கள் அம்பேத்கர் சிலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும். குழுவில் இருந்த ஒரே பெண் கானா பாடகி இசைவாணி, 2020-ல் பி.பி.சி-யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

அந்த மேடையில் அறிவு எடுத்துக்கொண்ட விஷயம் இடஒதுக்கீடு. வீட்டுக் கூடத்தில் பேசினால் சொந்தக்காரர்களே முகம் சுளிக்கும் விஷயத்தை ராப்பில் வாதாடினார். அறிவின் பாணியில் எனக்குப் பிடித்தது இதுதான். கோபம் இருக்கும், ஆனால் கத்தல் இருக்காது. பட்டிமன்றத்தில் நிதானமாகப் பாயிண்ட் எடுத்து வைக்கிற பேச்சாளர் மாதிரி, எதுகையோடு.

2019-ல் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குறள்' தொகுப்பு வந்தது. அதில் ஒரு பாட்டின் பெயர் 'ஸ்நோலின்'. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்த இளம்பெண்ணின் பெயர். அதே வருடக் கடைசியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தபோது 'சண்ட செய்வோம்' பாட்டைப் பாடினார். "உன் காகிதத்தைக் காட்டு" என்று அரசு கேட்டால் அதன் அர்த்தம் என்ன என்பதை, தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ஒரு பாட்டியின் பேரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சினிமா அழைத்தது. 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' எழுதியதும் அவர்தான். மேடையில் பாடியதையும் சினிமாவில் எழுதியதையும் ஒரே ஆள் செய்தாரா என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். சோறு போடும் வேலையை விட்டுவிட்டுத்தான் போராட வேண்டும் என்ற விதியை இவர்களுக்கு மட்டும் யார் போட்டது என்று எனக்குப் புரிவதில்லை.

பெயருக்கு முன்னால் ஒரு குட்டிச் சொல்

2021 மார்ச் 7. கொரோனா இரண்டாம் அலைக்குச் சற்று முன்பு 'என்ஜாய் எஞ்சாமி' யூடியூபில் வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் முன்னின்று தொடங்கிய மாஜா தளத்தின் முதல் வெளியீடுகளில் ஒன்று. தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். பாடியது தீயும் அறிவும். இயக்கம் அமித் கிருஷ்ணன். இன்றைக்கு 40 கோடிப் பார்வைகளைத் தாண்டிவிட்டது.

'சாமி' என்ற சொல்லை நம் ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்வது ஒன்று. பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டு சொல்வது இன்னொன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது அந்தத் தலைப்பு. உள்ளே இருப்பதோ மரம் நட்டவளுக்கு அந்த மரத்தின் நிழல்கூடச் சொந்தமில்லாத கதை. ஒப்பாரி ராகம் வரும் இடத்தில் எங்கள் ஆயா வேலையை நிறுத்திவிட்டு போனைத் திரும்பிப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் யூடியூபில் அந்தப் பாட்டின் தலைப்பைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் தீ. பிறகு 'ஃபீச்சரிங்' என்பதன் குட்டிச் சுருக்கம். அதற்குப் பிறகு அறிவு. இசை உலகில் அது சாதாரண வழக்கம்தான். விருந்தினராக வந்து பாடுபவருக்கு அப்படித்தான் போடுவார்கள். ஆனால் தன் பாட்டியின் கதையில் பேரன் எப்படி விருந்தாளி ஆனான் என்ற கேள்வி அன்றைக்கே சிலருக்கு இருந்தது.

2021 ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், கனடாவின் தமிழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அட்டை பேசிய பாடல்கள் 'என்ஜாய் எஞ்சாமி'யும் 'நீயே ஒளி'யும். இரண்டிலும் அறிவின் வரிகள். அட்டையில் அறிவு இல்லை. அறிவு மறுபடியும் மறைக்கப்பட்டிருக்கிறார் என்று பா.இரஞ்சித் ட்விட்டரில் எழுத, விவாதம் பற்றிக்கொண்டது. பிறகு அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

அடுத்த ஜூலை 28, சென்னை நேரு உள்விளையாட்டரங்கம். செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதல்வர், உலகம் முழுக்க இருந்து வந்த வீரர்கள். மேடையில் தீயும், நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அதே பாட்டைப் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை. சில நாளில் இன்ஸ்டாகிராமில் எழுதினார். யாரும் தனக்கு மெட்டோ, ஒரு சொல்லோ கொடுக்கவில்லை, ஆறு மாதம் தூக்கமில்லாமல் உழைத்து உருவாக்கியது இது என்று. சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். மெட்டு தன்னுடையது, வரிகள் அறிவுடையது, வருமானம் மூவருக்கும் சமம், அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்ததால்தான் விழாவில் பாடவில்லை என்று. அறிவின் பங்கைத் தான் ஒருபோதும் குறைத்ததில்லை என்றார் தீ.

யார் பக்கம் நியாயம் என்று நீதிபதி நாற்காலியில் உட்கார நான் தயாரில்லை. மூடிய ஸ்டுடியோவுக்குள் எந்த வரி எந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். ஒப்பாரிக்கு 'மெட்டு போட்டவர்' என்று யாரும் கிடையாது. அழுகிறவளின் மூச்சு எங்கே முறிகிறதோ அங்கே சொல் முறியும், ராகம் இறங்கும். சொல்லையும் மெட்டையும் இரண்டு ஆளாகப் பிரித்துப் பெயர் போடும் சினிமா கணக்கு, அந்த மாதிரிப் பாட்டில் தடுமாறத்தான் செய்யும்.

சரி, காசாவது வந்ததா? அதுதான் இந்தக் கதையில் பெரிய திருப்பம். மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில், சந்தோஷ் நாராயணனே வீடியோவில் வந்து, இந்தப் பாட்டிலிருந்து தனக்கோ தீக்கோ அறிவுக்கோ ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார். ரஹ்மான் தங்களுக்கு ஆதரவாக இருந்ததாகவும் அவரும் இதில் பாதிக்கப்பட்டவரே என்றும் சொன்னார். நிறுவனத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. இத்தனை வருடம் எதிரெதிரே நிறுத்தப்பட்ட மூன்று பேரும் திடீரென்று ஒரே வரிசையில் நின்றது மாதிரி இருந்தது எனக்கு.

பாட்டு எழுதும், இசையமைக்கும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். 2012-ல் நம் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். அதற்கு முன்பு, எழுதியவர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் முடிந்தது கதை. திருத்தத்துக்குப் பிறகு, ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள பங்கை அவர்களே நினைத்தாலும் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது. சட்டம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அந்தப் பங்கு கைக்கு வந்து சேர்வதுதான் வேறு கதை. அதனால் எதில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தினாரிவெனின் கேசட்டில் இந்தத் தகராறு இல்லை. ஏனென்றால் அதில் காசும் இல்லை. வெற்று கேசட் கொண்டுவந்தவன் பாட்டை எடுத்துப்போனான், அவ்வளவுதான். காசு வந்த பிறகுதான் யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால் என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி வரும்போது எப்போதும் யார் பெயர் பின்னால் போகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

அறிவு நிற்கவில்லை. 'அம்பாசா' என்ற குழுவோடு மேடை ஏறினார். தனித் தொகுப்பு ஒன்றும் வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. 'ஃபீச்சரிங்' இல்லை. முன்னால் பாட்டியின் பெயர், பின்னால் தன்னுடைய உறவு முறை.

எங்கள் வேப்பம்பட்டில் எதைப் பேசினாலும் கடைசியில் மனை விலையில் வந்து நிற்கும். ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிடம், பட்டா தனியா கூட்டா, சதுர அடி என்ன போகுது. இப்போது கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி விற்கிற மனைகளில் பல, எங்கள் ஆயா இளவயதில் கூலிக்கு நடவு நட்ட வயல்கள். எந்தக் கழனி யாருடையது, எந்த வருஷம் ஏரித் தண்ணீர் எதுவரை வந்தது என்று அதற்கு அத்தனையும் தெரியும். அதன் பெயரில் ஒரு சென்ட் கிடையாது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த ராத்திரி, வீடியோவை ஆயாவிடம் மறுபடியும் போட்டுக் காட்டினேன். வள்ளியம்மாள் வரும் இடத்தில் நிறுத்தி, இந்தப் பாட்டிதான், பேரன் இவங்களைப் பத்திதான் எழுதினான், உலகம் பூரா பார்த்தாங்க என்றேன். கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது.

"உலகம் பூரா பார்த்தது இருக்கட்டும்டி. அந்தம்மா பேர்ல ஒரு மனை வாங்கினாங்களா?"